மறு: வான்கோழி வேட்டைச் சொற்பட்டியல்: "தாடி" வேண்டாம்

வணக்கம் அனைவருக்கும்.

வான்கோழி வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கான கையேட்டின் சொற்பட்டியலை முழுக்கப் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் ஒரு சொல்லை மட்டும் இப்போதே நிறுத்தியாக வேண்டும், மற்றதை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

> பியர்டு: தாடி

இது ஆகாது. இங்கே பியர்டு என்பது முகத்தில் இருப்பதே அல்ல. சேவலின் நெஞ்சு நடுவிலிருந்து முரட்டு மயிர்க்கற்றையாகத் தொங்குவது. பார்க்கத்தான் மயிர், உண்மையில் அது இறகில் ஒரு வகை. மற்ற இறகெல்லாம் உதிர்ந்து முளைக்கும், இது உதிராமல் வளர்ந்துகொண்டே போகும், நுனி தரையில் உரசித் தேய்ந்துகொண்டும் இருக்கும். நாமோ கோழிக்குத் தாடி என்று எதைச் சொல்கிறோம்? அலகுக்குக் கீழே தொங்கும் சதையை. கொண்டை, தாடி என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம்.

இதைச் சொல்லழகுக்காகப் பேசவில்லை. நான் இருக்கும் பென்சில்வேனியாவில் வசந்தகாலப் பருவத்தில் "பியர்டு உள்ள பறவை"யை மட்டும்தான் சுடலாம். சேவலா பெட்டையா என்று சட்டம் பார்ப்பதில்லை, அந்தக் கற்றையைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறது. கையேட்டில் "தாடி உள்ள பறவையை மட்டும் சுடவும்" என்று எழுதி, வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்துப் பழகிய ஒருவர் கையில் கொடுங்கள், அவர் கண் நேரே அலகுக்குக் கீழேதான் போகும். அங்கே பெட்டைக்கும் கொஞ்சம் சதை உண்டு. அது முட்டையிடும் காலம் வேறு. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, 28 நாள் அடைகாக்க வேண்டிய பெட்டை அது. நூறு வருடத்துக்கு முன் பல மாநிலங்களில் அற்றே போன பறவை, 1950களில் பீரங்கி வலை (வெடிவிசையில் பாய்ந்து பறவைக் கூட்டத்தின் மேல் விழும் வலை) வந்த பிறகு காட்டுப் பறவைகளையே பிடித்து மற்ற காடுகளில் கொண்டுபோய் விட்டு மீட்டெடுத்தார்கள். அதை நம் சொற்பட்டியல் சுட்டுத் தள்ள வேண்டாம்.

என் பரிந்துரை: மார்க்குஞ்சம்.

குஞ்சம் எல்லோருக்கும் தெரியும், சடையில் தொங்கும், சேலை முந்தியில் தொங்கும். எங்கே தொங்குகிறது என்பதை "மார்" சொல்லிவிடுகிறது. "நெஞ்சுமயிர்" என்று ஒருவர் எழுதியிருந்தார், படிக்கிறவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். "நெஞ்சிறகு" என்றால் நெஞ்சில் உள்ள எல்லா இறகையும் குறிக்கும். மார்க்குஞ்சம் என்று வைத்துக்கொண்டால் கையேட்டின் முதல் விதியை ஒரே வரியில் எழுதலாம்: மார்க்குஞ்சம் கண்ணில் படும்வரை விசையில் விரல் வைக்காதே. உயரமான புல்லுக்குள் பறவை நிற்கும்போது நெஞ்சு மறைந்திருக்கும், அப்போது காத்திருக்கத்தான் வேண்டும். சில பெட்டைகளுக்கும் குஞ்சம் இருக்கும், இந்த மாநிலத்தில் அதைச் சுடுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனாலும் விட்டுவிடுவதுதான் முறை. பெட்டையின் தலை சாம்பல் கலந்த நீலம், நெஞ்சிறகின் ஓரம் வெளிர்பழுப்பு. சேவலுக்குத் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறிக்கொண்டிருக்கும், நெஞ்சிறகின் ஓரம் கறுப்பு. ஒரு வயது ஆணை இங்கே ஜேக் என்பார்கள், அதற்கு "விடலை" போதும். குஞ்சம் குட்டையாக இருக்கும், வாலை விரித்தால் நடு இறகுகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்து,

> கால்: அழைப்பு

(தமிழெழுத்தில் "கால்" என்று பார்த்தால் பறவையின் கால்தான் நினைவுக்கு வருகிறது, பட்டியலில் அந்த ஒலிபெயர்ப்பையாவது மாற்றுங்கள்.)

ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே மூன்று வேலை பார்க்கிறது: பறவை எழுப்பும் ஒலி, அதைப் போல வேட்டைக்காரர் எழுப்புவது, அதற்கு அவர் வைத்திருக்கும் கருவி. மூன்றுக்கும் "அழைப்பு" என்று போட்டதால் பட்டியலில் "எச்சரிக்கை அழைப்பு" என்று ஒன்று வந்து நிற்கிறது. யாரை அழைக்கிறது அது? வெடுக்கென்று "பட்" என்று ஒற்றை ஒலி கேட்டால் பறவை உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள். இதை அழைப்பு என்று படித்த புதியவர் தன் கருவியில் அதையே அடித்துப் பார்ப்பார், காட்டில் உள்ளதெல்லாம் ஓடிவிடும்.

ஆகவே பறவையுடையது குரல். வேட்டைக்காரர் செய்வது "குரல் கொடுத்தல்". மாடியிலிருந்து ஒரு குரல் கொடு என்று நாம் தினமும் சொல்வதுதானே. கருவிக்குக் "குரலி". மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டிக்குரலி, சிலேட்டில் குச்சியை உரசினால் சிலேட்டுக்குரலி, அண்ணத்தில் ஒட்டவைத்து ஊதினால் வாய்க்குரலி, வான்கோழியின் சிறகெலும்பிலேயே செய்தது எலும்புக்குரலி. விடியலில் ஆந்தை போலவோ காகம் போலவோ ஒலி எழுப்பினால் அடைந்திருக்கும் சேவல் திடுக்கிட்டுப் பதில் கொடுக்கும், அது எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவை ஆந்தைக்குரலி, காகக்குரலி. புதியவருக்கு எது நல்லது என்று கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்: பெட்டிக்குரலி. வாய்க்குரலி பழக மாதக்கணக்கில் ஆகும், வீட்டில் உள்ளவர்கள் பொறுமையும் வேண்டும்.

"ஹங் அப்" என்பதற்குப் பட்டியலில் "தொங்கி நிற்றல்" என்று இருக்கிறது. ஐயோ. இயற்கையில் சேவல் இருந்த இடத்தில் இருந்து கத்தும், பெட்டைதான் தேடிக்கொண்டு போகும். நாம் பெட்டை போல உட்கார்ந்துகொண்டு சேவலை வரச் சொல்கிறோம், முறை தலைகீழ். அதனால் அது 60, 70 கஜத்தில் நின்றுகொண்டு, வாலை விரித்து ஆடிக்கொண்டு, நீ வா பார்க்கலாம் என்று நிற்கும். மாப்பிள்ளை முறுக்கு என்று நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது வேறெதற்கு? சேவல் முறுக்கிக்கொண்டது என்று எழுதுங்கள், அவ்வளவுதான். முறுக்கிக்கொண்ட சேவலிடம் மேலும் மேலும் குரல் கொடுப்பதுதான் புதியவர்கள் செய்வது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பெட்டை போய்விட்டதோ என்று தேடி வர வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஒன்று. "ஸ்டாக்கிங்" என்பதற்குத் "தேடிச் செல்லும் திறன்" என்று போட்டிருக்கிறீர்கள். திறன் என்றதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று போல ஆகிவிடுகிறது. வசந்தகாலத்தில் இங்கே அது சட்டவிரோதம், குரல் கொடுத்து வரவழைத்து மட்டுமே வேட்டையாடலாம். காரணம் எளிது: புதருக்குப் பின்னால் கேட்கும் பெட்டைக்குரல் பாதி நேரம் இன்னொரு மனிதருடையது. "பதுங்கிப் பின்தொடர்தல்" என்று எழுதி, பக்கத்திலேயே கூடாது என்றும் எழுதுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தக் கூடாது, கைக்குட்டைகூட அந்த நிறத்தில் வேண்டாம், மூன்றும் சேவல் தலையின் நிறம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வேறு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது, உரக்கப் பேச வேண்டும்.

அன்புடன்,
பென்சில்வேனியாவிலிருந்து

----------

தம்பிக்கு வணக்கம்.

தாடி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நாமக்கல் பக்கம் பண்ணைகளில் கால்நடை மருத்துவனாக இருந்தவன் நான். கோழிக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் முதலில் பார்ப்பது கொண்டையும் தாடியும் வீங்கியிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்றுதான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் ஏற்றினால் எங்கள் துறையிலும் குழப்பம். மார்க்குஞ்சத்துக்கு என் வாக்கு. கூடவே, ஸ்பர் என்பதற்குப் பட்டியலில் "குதிமுள்" என்று இருக்கிறது, சேவற்கட்டுக்காரர்கள் வெறும் முள் என்பார்கள், "கால்முள்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

குரலி எனக்கு முழுச் சம்மதமில்லை. ஊதுவதற்குக் குரலி பொருந்தும், பெட்டியை உரசுவது குரலா? ஆனால் வேறு நல்ல சொல்லும் தோன்றவில்லை. "பயிர்தல்" என்று பழைய சொல் ஒன்று உண்டு, பறவை தன் துணையை அழைப்பது. பொருள் அப்படியே பொருந்துகிறது, ஆனால் "பயிர்க்கருவி" என்றால் உரக்கடையில் தேடுவார்கள்.

டிகாய் என்பதற்கு "ஏமாற்றுப் பொம்மை" என்று ஏன் போட்டார்கள்? நம்மிடம் "பார்வை" இருக்கிறதே. காட்டு விலங்கை வரவழைக்கக் கட்டிவைக்கும் பழகிய விலங்கு. புறநானூறு 320இல் வேட்டுவன் அசந்து தூங்குகிறான், முற்றத்தில் உள்ள பார்வைப் பிணையோடு, அதாவது பழக்கிய பெண்மானோடு, காட்டுக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது, அவன் எழுந்துவிடுவானோ, கலை பிணையை விட்டு ஓடிவிடுமோ என்று மனைவி அசையாமல் இருக்கிறாள். பெண்ணைக் காட்டி ஆணை வரவழைப்பது, உங்கள் வான்கோழி வேட்டையும் அதுதானே. நம் ஊரில் கௌதாரி பிடிப்பவர்களும் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள், இப்போது சட்டம் அனுமதிப்பதில்லை.

----------

ஐயா,

பார்வை அருமையான சொல், ஆனால் தனியாக நிற்காது. வான்கோழியின் கண்பார்வையைப் பற்றியே கையேட்டில் அரைப்பக்கம் இருக்கிறது, தலையைத் திருப்பாமலேயே முக்கால் வட்டம் பார்க்கும் பறவை அது. "பார்வை கூர்மையானது, பார்வையை 20 கஜத்தில் வைக்கவும்" என்று அடுத்தடுத்த வரிகளில் வந்தால் படிக்கிறவர் தலையைச் சொறிவார். "பார்வைப்பேடை", விடலைப் பொம்மை என்றால் "பார்வைவிடலை" என்று சேர்த்தே எழுதலாம். எல்லாம் பிளாஸ்டிக்தான். காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகும்போது பைக்குள் மூடி எடுத்துப்போக வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே இருக்கட்டும், கையில் ஆடிக்கொண்டு போகும் பொம்மைத் தலையை நோக்கியும் யாராவது சுடக்கூடும்.

பெட்டியை உரசுவது குரலா என்று கேட்டீர்கள். வயலினையும் உரசித்தானே வாசிக்கிறார்கள், அது பாடுகிறது என்கிறோம். பறவை அதைக் குரல் என்று நம்பினால் போதும் ஐயா. கால்முள் சரி, மாற்றிவிடலாம்.

துப்பாக்கிப் பக்கம் மட்டும் மிச்சம். பேட்டர்னிங் என்பதற்கு "அமைவு காணல்" என்று இருப்பதை எடுத்துவிட்டுச் "சிதறல் பார்த்தல்" என்று வைக்கலாம். செய்வதும் அதுதான், தலையும் கழுத்தும் வரைந்த தாளை 20, 30, 40 கஜத்தில் மாட்டிச் சுட்டு, எத்தனை ரவை அதற்குள் விழுகிறது என்று பார்ப்பது. உடம்பில் சுட்டால் பறவை காயத்தோடு பறந்து எங்கோ போய்ச் சாகும். 40 கஜத்தில் சிதறல் மெலிந்துவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு 30தான் எல்லை, பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி எவ்வளவு தூரம் போகிறது என்பது இங்கே கணக்கில்லை. விரித்து ஆடும் சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், அப்போது சுடாமல் மெல்ல ஒரு குரல் கொடுத்தால் தலையை நிமிர்த்தும்.

குழல் முனையைக் குறுக்கும் சோக்குக்குத்தான் சொல் அமையவில்லை. "முனைச்சுருக்கி", "குழற்குறுக்கி" இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் நல்லது இல்லையென்றால் சோக் என்றே விட்டுவிடுவோம், கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்கப் போகிறார்கள்.