இருநூல் பட்டம் இடப்பக்கமே சாய்ந்து விழுகிறது: உதவி தேவை

அஸ்தம்பட்டியிலிருந்து:
வணக்கம். சிறுவயதில் ஒற்றை நூல் பட்டம் விட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த மைத்துனர், இரண்டு நூல்களால் திருப்பி வட்டமடிக்க வைக்கும் பட்டம் ஒன்றைக் கொடுத்தார். இறக்கையின் அகலம் ஏறத்தாழ 1.8 மீட்டர். உடன் வந்த நூல் பாறையில் உரசி அறுந்துவிட்டதால், தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பை 25 மீட்டர் அளவில் இரண்டாக வெட்டிக் கட்டினேன். ஏற்காட்டில் ஒரு தோட்டத்தை ஒட்டிய மேட்டில் இரண்டு ஞாயிறுகள் முயன்றபோதும், பத்து மீட்டர் வரை நேராக ஏறிய பட்டம் இடப்பக்கம் சாய்ந்து, தலைகுப்புறத் தரையில் குத்தியது. பட்டத்தின் குச்சிகளை நூலோடு இணைக்கும் சூத்திரக் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டுமா?

ஓமலூரிலிருந்து:
சூத்திரத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் குற்றம் நூலிலா, பட்டத்திலா என்று பிரித்தறிய வேண்டும். இடப்பக்க நூலை அதன் கைப்பிடியோடு வலப்பக்கத்திற்கும், வலப்பக்க நூலை இடப்பக்கத்திற்கும் மாற்றிக் கட்டி ஏற்றுங்கள். பட்டம் இப்போது வலப்பக்கம் சாய்ந்தால் நூல்களின் நீளம் சமமாக இல்லை. மீண்டும் இடப்பக்கமே சாய்ந்தால் குச்சி ஏதேனும் இணைப்பிலிருந்து நழுவியிருக்கும், அல்லது சூத்திரம் ஒருபுறம் இறங்கியிருக்கும். நூல்களை அளக்க நாடா வேண்டாம். இரண்டின் நுனிகளையும் ஒரே ஆணியில் மாட்டி, நன்றாக இழுத்துப் பிடித்துக் கைப்பிடிகளை ஒப்பிட்டால் போதும்.

அஸ்தம்பட்டியிலிருந்து:
மாற்றிக் கட்டியதும் வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு நூல் நான்கு விரற்கடை நீண்டிருந்தது. முடிச்சிட்டுச் சமன் செய்தேன். நேராக ஏறுகிறது, ஆனால் இரண்டு வட்டம் அடித்தபின் என் இழுப்பையே மதிப்பதில்லை.

ஏற்காட்டிலிருந்து:
அது நைலானின் குணம். இழுத்தால் நீளும், அதுவும் இரண்டு நூல்களும் ஒரே அளவாக நீளும் என்பதற்கு உறுதியில்லை. கையின் அசைவில் பாதியை நூலே விழுங்கிவிடும். ஒவ்வொரு வட்டத்திற்கும் நூல்கள் ஒருமுறை முறுக்கிக்கொள்ளும். நைலான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வழுக்காது. டைனிமா எனப்படும் பின்னல் நூல் ஏறக்குறைய நீளாது, பல முறுக்குகள் விழுந்தாலும் வழுக்கிச் செல்லும். முடிச்சு அந்த நூலைப் பலவீனமாக்கும் என்பதால், நுனிகளைக் குழல் போன்ற மெல்லிய உறை நூலுக்குள் செருகி, அந்த உறையோடு சேர்த்துக் கண்ணி போடுங்கள். மாஞ்சா நூல் பக்கம் போகவே வேண்டாம். இவ்வகைப் பட்டத்தில் அறுப்பதற்கு எதுவும் இல்லை.

நீங்கள் நின்ற இடமும் சரியில்லை என்றே நினைக்கிறேன். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி வரும் காற்று நெடுந்தூரம் வரை சுழன்றுகொண்டே இருக்கும். 15 மீட்டர் மரத்திற்குப் பின்னால் நிற்பதானால் நூறு மீட்டருக்கு மேல் விலகியே நிற்க வேண்டும். பகோடா பாயிண்ட் போன்ற செங்குத்து விளிம்பும் தொடக்கக்காரருக்கு ஆகாது. இலைகளும் சிறு கிளைகளும் இடைவிடாது அசையும் காற்று, அதாவது மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர், போதுமானது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தை விட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், இங்கே சற்றுக் கூடுதல் வேகம் தேவைப்படலாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் மாதத்தில் மட்டும் பழக வேண்டாம். மின்கம்பி தென்படும் இடத்தையும், இடி கேட்கும் நேரத்தையும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:
நூலை மாற்றி, திறந்த மேட்டில் ஏற்றினேன். கைகளை இடுப்பளவில் வைத்து மெல்ல இழுத்தபோது வலப்பக்கம் மூன்று வட்டமும், முறுக்கு அவிழ இடப்பக்கம் மூன்று வட்டமும் அடித்தது. இறக்கும்போது குச்சி முனையின் ரப்பர் மூடி மட்டும் காப்பிச் செடிகளுக்குள் தொலைந்துவிட்டது.