மதிய வெயிலில் அணையும் 1968 அம்பாசிடர்: எலெக்ட்ரிக் பம்ப் பற்றி ஒரு கேள்வி

வணக்கம். வண்டி 1968 அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி, எஸ்.யூ. கார்புரேட்டர், எஞ்சினில் ஒட்டிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். ஊர் காரைக்குடி. காலையில் ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து, மதியம் கானாடுகாத்தான் போய்க் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால், கொஞ்ச தூரத்திலேயே திணறி அணைந்துவிடுகிறது.

அணைந்த கையோடு கழற்றிப் பார்த்தால் பிளக்கில் தீப்பொறி நீலமாக, நன்றாக வருகிறது. ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் காலி. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் கிளம்பிவிடுகிறது. பெட்ரோல் ஆவியாகித்தான் லைனை அடைக்கிறது.

தீப்பொறிக்கான காயில், கண்டென்சர் மாற்றியாயிற்று. பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். பம்ப் டயாஃப்ரம் புதிது, ஹோஸ் எத்தனால் தாங்குவது. டேங்க் மூடியின் காற்றுத் துளையில் அடைப்பில்லை. லைனுக்கு வெப்பத் தடுப்பு உறை போட்டபின் அணைவது சற்றுத் தள்ளிப்போகிறது, தீரவில்லை.

அதே இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில், அதே சாலையில் இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் கொதிக்காது. இதிலோ சூடேறிய பம்ப் பின்பக்க டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது அழுத்தம் இறங்கி, சீக்கிரமே ஆவியாகிறது.

அதனால் டேங்க் அருகே 2 முதல் 3 பிஎஸ்ஐ தரும் 12 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் பொருத்த எண்ணம். அதற்கு மேல் போனால் ஃப்ளோட் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி வால்வைத் தள்ளி வழியவிடும். வண்டியின் பழைய அமைப்பு கெடக்கூடாது என்பதும் முக்கியம். பொருத்தியவர்கள் சொல்லுங்கள்: மெக்கானிக்கல் பம்பை லைனிலேயே விடலாமா, அல்லது அதை ஒதுக்கிவிட்டு நேராகக் கார்புரேட்டருக்கே லைன் இழுக்க வேண்டுமா?