கலைச்சொல் தேவை: கோஆப்பிடிஷன் (வியாழன் மாலைக்குள்)

கணிவகுப்பு எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி வகுப்புக்காக, நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள் பற்றிய அத்தியாயம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே நிரலைச் சேர்ந்து பராமரிக்கின்றனவே, ஆங்கிலத்தில் கோஆப்பிடிஷன் என்கிறார்கள், அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு வெப்கிட், உலாவிக்குள் இருந்து இணையப் பக்கங்களைக் காட்டும் நிரல். ஐபோனும் ஆண்ட்ராய்டும் கடைத்தெருவில் அடித்துக்கொண்டிருந்த அதே நாள்களில், கூகுள்காரர் அனுப்பும் திருத்தத்தை ஆப்பிள்காரர் படித்துப் பார்த்து 'ஆர் பிளஸ்' என்று ஒப்புதல் போடுவார். நிரல் உள்ளே போகும். 2013 ஏப்ரலில் அந்த நிரலைப் பிரித்தெடுத்துப் பிளிங்க் என்று கூகுள் தனிக்குடித்தனம் போகும்வரை இந்த ஏற்பாடு ஓடியது. இப்போதைக்குப் 'போட்டிக்கூட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். தேறுமா?

நிரலன் எழுதியது:
எங்கள் ஊரில் போட்டி என்றால் ஆட்டுக்குடல். அதில் கூட்டு வைத்துப் பரிமாறுகிறீர்கள். பேசாமல் கோஆப்பிடிஷன் என்றே எழுதுங்கள், மாணவர் தேடினால் ஏதாவது கிடைக்கும்.

ஒற்றெழுத்து எழுதியது:
குடல் இருக்கட்டும், ககர ஒற்று எப்படி வந்தது? போட்டியும் கூட்டும் என்று விரித்தால் உம்மைத்தொகை. உம்மைத்தொகையில் வல்லின ஒற்று மிகாது. வெற்றிலைபாக்கு என்கிறோமே தவிர வெற்றிலைப்பாக்கு என்பதில்லை. ஒற்று மிகுந்தால் போட்டியில் அமைந்த கூட்டு என்று வேற்றுமைப் பொருள் வந்துவிடும். உங்களுக்கு எது வேண்டும்?

சங்கப்பித்தன் எழுதியது:
புதிதாக எதற்கு? புறநானூறு 58-ஐப் பாருங்கள். சோழன் பெருந்திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒருங்கே வீற்றிருக்கக் காரிக்கண்ணனார் பாடியது. துறையின் (பாடுபொருள் வகையின்) பெயரே 'உடனிலை', இருவர் ஒருங்கே இருக்கும் நிலை. ஒருவன் காவிரிக் கிழவன், மற்றவன் தமிழ்கெழு கூடல் வேந்தன். நடுவில் புகுந்து கலைக்கப் பார்க்கும் ஏதிலார் பேச்சைக் கேட்காதீர்கள் என்றும் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கக் குடல்கறி எதற்கு? அது பிடிக்காவிட்டால் குறள் 874-இல் 'பகைநட்பாக் கொண்டொழுகும்' என்று வள்ளுவரே கொடுத்திருக்கிறார்.

ஒற்றெழுத்து எழுதியது:
ஐயா, அங்கே 'பகைநட்பு' ஒரு சொல்லே இல்லை. பகையை நட்பாக ஆக்கிக்கொண்டு என்று பொருள். பகை போய்விடுகிறது.

நிரலன் எழுதியது:
அப்படியானால் அது ஜிசிசி என்ற நிரல்மொழிமாற்றியின் (கம்பைலர்) கதைக்குப் பொருந்தும். 1997-இல் ஈஜிசிஎஸ் என்று சிலர் பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் செய்தது மேல் என்று கண்டு, 1999-இல் அவர்களிடமே ஜிசிசி-யை ஒப்படைத்தார்கள். பகை முடிந்தது. காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கதை வேறு. 2011-இல் லிப்ஏவி பிரிந்த பிறகு, அங்கே எழுதியதையெல்லாம் எஃப்எஃப்எம்பெக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் இணைத்துக்கொண்டே வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அதே அளவுக்குப் பதில் இல்லை. இதற்கும் சங்கத்தில் சொல் இருக்குமே?

சங்கப்பித்தன் எழுதியது:
கைக்கிளை, ஒருதலைக் காதல். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, துறை பிரிப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

கணிவகுப்பு எழுதியது:
எனக்கு வேண்டியது இந்த இரண்டும் இல்லை. வெப்கிட்டில் பகை தீரவும் இல்லை, உழைப்பு ஒருதலையாகவும் இல்லை. 58-ஆம் பாட்டை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். பிறர் குன்றுகளில் புலியும் கயலும் சேர்த்துப் பொறிக்கப்படட்டும் என்று முடிகிறது. அது கூட்டணி ஐயா. அந்த அவையில் சோழனும் பாண்டியனும் ஒருவரோடொருவர் போட்டியிடவில்லை. 'உடனிலை' என்றால் என் மாணவருக்குப் போட்டி என்பதே தெரியாமல் போகும்.

சங்கப்பித்தன் எழுதியது:
கோஆப்பிடிஷன் என்றால் மட்டும் உங்கள் மாணவருக்கு என்ன தெரிந்துவிடும்? சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்.

நிரலன் எழுதியது:
இது நியாயமான கேள்வி. ஆனாலும் ஒலிபெயர்ப்பை விட்டு இறங்கிவருகிறேன், போட்டிக்கூட்டு இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் 2020-இல் தன் எட்ஜ் உலாவியைக் கூகுளின் திறமூலக் குரோமியத்தின் மேல் கட்டி வெளியிட்டது; அங்கேயும் இதே சொல்லைப் போடலாம். நாளை அலுவலகம் இருக்கிறது, தூங்கப் போகிறேன்.

கணிவகுப்பு எழுதியது:
சரி, போட்டிக்கூட்டு. பின்னிணைப்பில் உடனிலையையும் சேர்த்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சங்கப்பித்தன் எழுதியது:
பின்னிணைப்பை எவன் படிக்கிறான்?

ஒற்றெழுத்து எழுதியது:
அச்சுக்குப் போகுமுன் அந்த ஒற்றையாவது எடுத்துவிடுங்கள்.