மெட்ராஸ் பேர்ல ஒரு வெள்ளைக்காரப் பட்டாளம்: நம்ம வரலாறா இல்லையா?

கோட்டைவாசல்:
நேத்து ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்னு ஒரு ஐரிஷ் ரெஜிமென்ட்டோட கொடியில இருக்கற போர்ப் பேருங்கள ஒண்ணொண்ணா படிச்சிட்டிருந்தேன், தூக்கமே போயிடுச்சு. ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், பாண்டிச்சேரி, எல்லாம் நம்ம பஸ் ஸ்டாண்ட் போர்டு மாதிரி இருக்கு! விஷயம் என்னன்னா இது ஆரம்பத்துல டப்ளின் பட்டாளமே கிடையாது. 1640கள்ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு காவல் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியோட வெள்ளைக்காரச் சிப்பாய்ங்கள்லருந்து வந்தது, 1748ல கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்ங்கிற இங்கிலீஷ் அதிகாரி அதை ஒழுங்கான படையா மாத்தினார். அப்புறம் மெட்ராஸ் யூரோப்பியன் ரெஜிமென்ட், மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்னு பேர் மாறி, கம்பெனி ஆட்சி போனதும் ராணியோட ஆர்மில 102வது ரெஜிமென்ட் ஆகி, 1881ல பம்பாய்க்காரங்க 103வதோட சேர்த்து டப்ளின் பேரை ஒட்டிட்டாங்க. தொப்பி பேட்ஜ்ல புலியும் யானையும் இருக்கும், அயர்லாந்துல ஏது புலி யானை. என்னைக் கேட்டா இது நம்ம ஊர்ல பொறந்த பட்டாளம், இதைப்பத்தி தமிழ்ல ஒருத்தரும் எழுதலையேன்னு வருத்தமா இருக்கு.

எழும்பூர்க்காரன்:
பொறந்தது நம்ம ஊர்ல, வளர்ந்தது நம்ம வரிப்பணத்துல, சுட்டதும் நம்மாளையே. இதுல என்ன ப்ரோ வருத்தம்? அந்த ரெஜிமென்ட்டோட செல்லப் பேர் என்னன்னு சொல்லாம விட்டுட்டீங்களே, "நீலின் நீலத் தொப்பிகள்". அந்த நீல் யாருன்னு இங்க எத்தனை பேருக்கு தெரியும்?

கோட்டைவாசல்:
வருவீங்கன்னு தெரியும். ஜேம்ஸ் நீல், 1857 சிப்பாய்ப் புரட்சிய அடக்க அந்த ரெஜிமென்ட்ட நடத்தினவர். மறைக்கல, ஆனா 200 வருஷத்துக்கு மேல இருந்த ஒரு பட்டாளத்த ஒரு ஆளோட நாலு மாசத்த வச்சு எடை போடுறது நியாயமா?

ஊட்டி_ஹவில்தார்:
முதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்கலாம் தம்பிங்களா. இந்த மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் வேற, நான் சர்வீஸ் பண்ணின மெட்ராஸ் ரெஜிமென்ட் வேற. எங்களோடது 1758ல ஆரம்பிச்ச சிப்பாய்ப் படைலருந்து வர்றது, இன்னிக்கும் இருக்கு, சென்டர் வெலிங்டன்ல. அவங்களோடது முழுக்க வெள்ளைக்காரன், பேர்ல மட்டும்தான் மெட்ராஸ். கல்யாண வீட்டுல ஒரு பையன் கூகுள் பண்ணிட்டு வந்து "தாத்தா உங்க ரெஜிமென்ட் லக்னோல ஜெயிச்சதாமே"ன்னு கேட்டான், எனக்கு சாப்பாடே எறங்கல.

கோட்டைவாசல்:
ஹவில்தார் சார் வணக்கம். வேற வேறதான், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு சண்டை போட்ட படைங்கதானே? 1751 ஆற்காடு முற்றுகை எடுத்துக்கோங்க, கிளைவ் கூட்டிட்டுப் போனது 200 ஐரோப்பியர் 300 சிப்பாய், அவ்ளோதான், அதை வச்சு சுமார் 50 நாள் தாக்குப்பிடிச்சாங்க. அதுல அந்த 200 பேர் இந்தப் பட்டாளத்தோட முன்னோருங்க, 300 பேர் உங்க முன்னோருங்க.

எழும்பூர்க்காரன்:
ஆமா, அந்தக் கதையும் தெரியும். அரிசி தீரப்போகுது, சோத்த துரைங்களுக்கு குடுத்துடுங்க எங்களுக்கு வடிச்ச கஞ்சித்தண்ணி போதும்னு சிப்பாய்ங்க சொன்னாங்கன்னு இங்கிலீஷ்காரன் எழுதி எழுதி உருகுவான். உண்மையோ பொய்யோ, அந்தக் கதைல யார் சோறு தின்னாங்க யார் கஞ்சி குடிச்சாங்கன்னு பாருங்க. ஆனா கொடியில ஆற்காடுன்னு எழுதிக்கிட்டது யாரு? அவ்வளவு ஏன், மருதநாயகம் யூசுப்கான் கம்பெனிக்காக உயிரைக் குடுத்து சண்டை போட்டான், 1764ல நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரைல தூக்குல போட்டுட்டாங்க. பக்கத்துல நின்னதுக்கு கிடைச்ச மரியாதை அது.

டீக்கடை_பெஞ்ச்:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன், கண்டின்யூ

நெல்லை_முத்து:
ஏலே இது எங்க ஊர் சமாச்சாரமுல்லா. நீல் சிலைன்னா எங்க ஊர் சோமையாஜுலுவ சொல்லாம எப்பிடி. நீல் செத்ததும் லண்டன்ல மாத்யூ நோபிள்ங்கிற சிற்பிட்ட சிலை செஞ்சு மௌன்ட் ரோட்டுல நட்டு வச்சுட்டானுவ. 1927ல அதை எடுக்கணும்னு சத்தியாகிரகம் நடந்துச்சு, திருநெல்வேலில இருந்து சோமையாஜுலு போய் நின்னாரு, சிலைய உடைக்கப் போன தொண்டர்மாருக்கு ஜெயிலு, காமராஜரும் அந்த போராட்டத்துல இறங்கி வேலை பாத்தவருதான். காந்தியே மெட்ராஸ் வந்து ஆதரவு சொன்னாரு. அப்புறமும் 10 வருசம் சிலை அசையல, 1937ல ராஜாஜி ஆட்சி வந்த பொறவுதான் எழும்பூர் மியூசியத்துக்கு தூக்கிட்டுப் போனாவ. இவ்வளவும் ஒரு ஆளுக்காகன்னு சொல்லுதீங்களே, அலகாபாத்ல அத்தன பேர அந்த ஆளு தனியாவா தூக்குல போட்டான்? கயித்த இழுத்தது யாரு?

கோட்டைவாசல்:
முத்து அண்ணே, நியாயமான கேள்வி. ஆனா 1857 சூழ்நிலையும் பாக்கணும், கான்பூர் பீபிகர்ல அடைச்சு வச்சிருந்த பொண்ணுங்க கொழந்தைங்கன்னு 200 பேர் வரைக்கும் வெட்டிப் போட்டிருந்தாங்க, அதைப் பாத்த சோல்ஜருக்கு ரத்தம் கொதிக்காதா? நான் நியாயப்படுத்தல, காரணம் சொல்றேன்.

எழும்பூர்க்காரன்:
இதத்தான் எல்லாரும் சொல்றாங்க, அதனால தேதிய மட்டும் வரிசையா வச்சுப் பாருங்க. நீல் காசிக்கு வந்தது ஜூன் ஆரம்பம். அலகாபாத் கோட்டைக்கு வந்தது ஜூன் 11. அங்க ஊர் ஊரா எரிச்சதும் மரத்துக்கு மரம் தூக்குல தொங்கவிட்டதும் ஜூன்ல. அப்புறம் இதே ரெஜிமென்ட் மேஜர் ரெனோ தலைமைல ஒரு படை கான்பூர் ரோட்டுல கெளம்புச்சு, ரெண்டு நாள்ல 42 பேர தூக்குல போட்டதாவும் முகத்த வேற பக்கம் திருப்பிட்டிருந்த குத்தத்துக்கு 12 பேர கொன்னதாவும் டைம்ஸ் பத்திரிகை நிருபர் ரஸ்ஸல் தன் டைரில எழுதியிருக்கார், அவர் ஒண்ணும் நம்ம ஆளு இல்ல. பீபிகர் நடந்தது ஜூலை 15. இப்ப சொல்லுங்க, எது காரணம் எது விளைவு?

கோட்டைவாசல்:
மீரட்டும் டெல்லியும் மே மாசம். அங்கயும் வெள்ளைக்காரப் பொண்ணுங்க கொழந்தைங்க செத்தாங்க. பீபிகருக்கு முன்னாடி ஒண்ணுமே நடக்காத மாதிரி சொல்லாதீங்க.
ஆனா அலகாபாத் பீபிகருக்கு முந்தினதுதான், அந்த எடத்துல என் வாதம் தப்பு. பீபிகருக்கு அப்புறம் கைதிங்கள அந்த ரத்தத்த நாக்கால நக்கி சுத்தம் பண்ண வச்சுட்டு தூக்குல போட நீல் உத்தரவு போட்டதையும் நானே சொல்லிடறேன், நீங்க சொல்றதுக்கு முன்னாடி.

டீக்கடை_பெஞ்ச்:
தல ஒரு டவுட்டு, கல்கத்தால ரயில் மாஸ்டரை அரெஸ்ட் பண்ணினது இந்த நீல்தானே?

ஊட்டி_ஹவில்தார்:
அதே ஆளுதான். ஹவுரால அவரோட சோல்ஜர்ஸ் வந்து சேர லேட்டு, ரயிலை நிறுத்தி வைக்கமாட்டேன்னு ஸ்டேஷன்காரங்க சொன்னாங்க, ஆளைப் பிடிச்சு காவல்ல வச்சுட்டு ரயிலை நிறுத்திட்டார். சர்வீஸ்ல இருந்தவனா சொல்றேன், இந்த மாதிரி கமாண்டர்கிட்ட வேகம் இருக்கும், சட்டம் இருக்காது. செப்டம்பர் 25 லக்னோ தெருச் சண்டைல குண்டு பட்டு செத்தார்.

டப்ளின்_தமிழன்:
அயர்லாந்துல ஐ.டி. வேலை பாக்கறேன், இந்த விவாதம் இங்கயும் அப்படியே நடக்குது, அதான் எழுதறேன். லக்னோவ மீட்கப் போனப்ப அந்த பட்டாளத்துக்கு கிடைச்ச விக்டோரியா கிராஸ், அதாவது பிரிட்டிஷ்காரனோட பெரிய வீரப் பதக்கம், அந்தப் பேருங்க பாருங்க: மஹோனி, ரயன், டஃபி. எல்லாம் ஐரிஷ் பசங்க. அதாவது டப்ளின் பேர் வர்றதுக்கு முன்னாடியே அது பாதி ஐரிஷ். 1845லருந்து உருளைக்கிழங்கு அழுகி பஞ்சத்துல செத்த நாடு, சோத்துக்காக கம்பெனில சேந்தவங்க நெறைய. அடிமைப்பட்ட ஒருத்தன் இன்னொரு அடிமைய அடிக்கப் போனான், அவ்ளோதான். இங்க செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பார்க் வாசல்ல 1907ல கட்டின ஒரு வளைவு இருக்கு, தென்னாப்பிரிக்கா போயர் போர்ல செத்த இந்த ஃப்யூசிலியர்ஸ் நினைவா. ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேர் "துரோகிகள் வாசல்". ஆனா இடிக்கல, நான் தினமும் அது கீழதான் நடந்து போறேன்.

எழும்பூர்க்காரன்:
நாமளும் இடிக்கலையே சார், மியூசியத்துக்குத்தானே அனுப்பினோம். அந்தமான்ல நீல் தீவுன்னு ஒண்ணு 2018 வரைக்கும் இருந்துச்சு, இப்பதான் ஷஹீத் த்வீப்னு மாத்தினாங்க. அந்த ஆளோட சொந்த ஊர் ஸ்காட்லாந்து அயர்ல அவர் சிலை நிக்குது, அது அவங்க பாடு. சோத்துக்காக சேந்தான்ங்கறது புரியுது, ஆனா கயித்த இழுக்கறப்ப சோறு ஞாபகம் வராது. அதே ஐரிஷ்ல கன்னாட் ரேஞ்சர்ஸ்னு ஒரு ரெஜிமென்ட் 1920ல ஜலந்தர்ல ஆயுதத்த கீழ வச்சாங்க இல்ல? ஜேம்ஸ் டேலிங்கற பையன சுட்டுக் கொன்னாங்க. அப்பிடியும் ஒரு வழி இருந்துச்சு.

டப்ளின்_தமிழன்:
டேலி ஆயுதத்த வச்சது இந்தியாவுக்காக இல்ல சார், அயர்லாந்துல பிளாக் அண்ட் டான்ஸ்ங்கிற பிரிட்டிஷ் போலீஸ் படை பண்ணின அட்டூழியத்துக்காக. அதையும் சொல்லிடணும்.

எழும்பூர்க்காரன்:
சரி அது ஒரு பாயிண்ட். ஒத்துக்கறேன்.

கோட்டைவாசல்:
கடைசியா ஒண்ணு சொல்லிட்டு படுக்கப் போறேன். 1914 ஆகஸ்ட்ல முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்ப இந்தப் பட்டாளத்தோட முதல் பட்டாலியன், அதாவது பழைய மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ், எங்க இருந்துச்சு தெரியுமா? மெட்ராஸ்ல. பொறந்த ஊர்லருந்தே கெளம்பி போய் 1915 ஏப்ரல் 25 காலிபோலி கடற்கரைல எறங்கினாங்க, ரிவர் கிளைட்ங்கிற கப்பலும் படகுங்களும், எறங்க எறங்க துருக்கிக்காரன் மெஷின் கன்ல சாச்சுட்டான். மிச்சம் இருந்தவங்கள, பழைய வங்காளக் கம்பெனிப் படைலருந்து வந்த மன்ஸ்டர் ஃப்யூசிலியர்ஸோட சேத்து தற்காலிகமா ஒரே பட்டாலியன் ஆக்கினாங்க, அவ்ளோ சாவு. அடுத்த வருஷம் டப்ளின்லயே புரட்சி, அதை அடக்கப் போனதுலயும் இதே ரெஜிமென்ட் ஆளுங்க. 1922ல அயர்லாந்து தனியா போனதும் கலைச்சுட்டாங்க. கொடிங்க விண்ட்சர் கோட்டைக்கு போயிடுச்சு. மெட்ராஸுக்கும் இல்ல டப்ளினுக்கும் இல்ல. இதைப் படிக்கறப்ப எனக்கு பாவமாத்தான் இருக்கு, திட்டுங்க பரவால்ல.

நெல்லை_முத்து:
பாவப்படும், யாரு வேண்டாம்னா. ஆனா அலகாபாத் மரத்துல தொங்கினவனுக்கு கொடியும் கிடையாது பேரும் கிடையாது, அவனுக்கும் சேத்து ஒரு நாள் தூக்கம் கெடட்டும்.

டீக்கடை_பெஞ்ச்:
ஞாயித்துக்கிழமை எழும்பூர் மியூசியம் போலாம்னு இருக்கேன், யாராச்சும் வர்றீங்களா? நீல் எந்த ஹால்ல நிக்கறார்?

எழும்பூர்க்காரன்:
வாங்க, நான் நடந்து வர்ற தூரம்தான். கோட்டைவாசல் நீங்களும் வாங்க, டீ என் செலவு.

கோட்டைவாசல்:
கஞ்சித்தண்ணி குடுக்காம இருந்தா வர்றேன்.