பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ படத்தைக் காட்டலாமா?

கணித ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தேறாத பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் படம் ஒன்றைத் திரையிடுமாறு தலைமையாசிரியர் கூறியிருக்கிறார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ரமோன் மெனெண்டெஸ் இயக்கி 1988இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலான்டே என்ற ஆசிரியரின் உண்மைக் கதை அது. சமையல்காரரைப் போல உடுத்திக்கொண்டு வகுப்புக்கு வந்து, ஆப்பிளை வெட்டிப் பின்னங்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறாரே, அந்தக் காட்சிக்காகவே இப்படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆயினும் ஒரு தயக்கம் இருக்கிறது. அடிப்படைக் கணக்கிலேயே தடுமாறும் மாணவர்கள், ஒரு கோடை விடுமுறை கழிந்ததும் நுண்கணித வகுப்பில் அமர்ந்து, அந்தக் கல்வியாண்டின் முடிவிலேயே கல்லூரிப் பாட அளவிலான தேர்வில் தேறிவிடுவதாகப் படம் காட்டுகிறது. இதை அப்படியே நம்பி, அரையாண்டுத் தேர்வில் தமக்கு அவ்வாறு நடக்காதபோது, ‘நமக்குக் கணக்கு வராது’ என்று முற்றிலும் ஒதுங்கிவிடக்கூடிய பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். உண்மையில் எப்படி நடந்தது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

வணக்கம் அம்மா. தங்கள் தயக்கம் நியாயமானது. படத்தின் முடிவில் திரையில் தோன்றும் எழுத்துகளைக் கவனித்துப் பாருங்கள். 1982இல் 18 பேர், 1983இல் 31 பேர் என்று தொடங்கி, 1987இல் 87 பேர் தேர்ச்சி பெற்றதாக ஆண்டுவாரியாகக் காட்டுவார்கள். அந்தப் பட்டியல் 1982இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகள் படத்தில் எங்கும் இல்லை. தங்கள் மாணவர்களுக்குத் தேவைப்படுவதோ அந்த ஆண்டுகள்தாம்.

பொலிவியாவில் பிறந்து அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றிய எஸ்கலான்டே, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஆங்கிலம் கற்று, வேறு வேலைகள் பார்த்து, மீண்டும் பட்டம் பெற்று, 1974இல்தான் கார்ஃபீல்டு பள்ளியில் சேர்ந்தார். அங்கு அவருடைய முதல் நுண்கணித வகுப்பு தொடங்குவதற்கே மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த வகுப்பிலிருந்து 1979இல் தேர்வெழுதியவர்கள் ஐவர், தேறியவர்கள் இருவர். மறு ஆண்டு ஒன்பது பேரில் ஏழு பேர் தேறினர். 1981இல் பதினைந்து பேரில் பதினான்கு பேர். அதன் பிறகே படம் கொண்டாடும் 1982ஆம் ஆண்டு வருகிறது. இயற்கணிதமும் முக்கோணவியலும் ஒழுங்காகக் கற்றுத் தேறிய மாணவர்களே நுண்கணிதத்துக்கு வந்தார்கள்; அவர்களைக் கீழ்வகுப்புகளிலிருந்தே ஆயத்தப்படுத்துவதற்கு பென் ஹிமேனெஸ் போன்ற சக ஆசிரியர்களும், ஹென்ரி கிராடியாஸ் என்ற முதல்வரின் உறுதியான ஆதரவும், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் நடத்தப்பட்ட கோடைக்கால வகுப்புகளும் வேண்டியிருந்தன. படத்தில் எல்லாவற்றையும் ஒருவரே தோளில் சுமப்பதுபோல் தோன்றுகிறது. ஆசிரியர்களாகிய நமக்கும் அந்தத் தோற்றம் நல்லதன்று என்பதே என் கருத்து, ஏனெனில் துணையே இல்லாமல் ஒருவர் செய்து முடித்ததாக நம்பும் நிர்வாகம், நமக்குத் துணை தர வேண்டிய அவசியத்தையும் உணராது.

முதல் பட்டதாரி:

ஐயா சொன்ன விவரங்களை மறுக்கவில்லை. எனினும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குச் சென்றவன் என்ற முறையில், இப்படத்தைத் தயங்காமல் காட்டுங்கள் என்றே சொல்வேன். பதினாறு வயதில் என்னைப் பிடித்து உலுக்கியவை வேறு காட்சிகள். ஏஞ்செல் என்ற மாணவன் பாடப்புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கேட்கிறான். கையில் புத்தகத்துடன் நடப்பதைத் தன் கூட்டாளிகள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக! படிப்பதை மறைத்துப் படிக்க வேண்டிய நிலையை அறிந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உணவகம் நடத்தும் தந்தை தன் மகளின் படிப்பை நிறுத்த முற்படும்போது, ஆசிரியர் அங்கேயே சென்று வாதாடுவதும் அப்படிப்பட்ட காட்சியே.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மறுதேர்வு. தேறிய 18 பேரில் 14 பேருடைய விடைத்தாள்களில் ஒரேமாதிரியான பிழைகள் இருப்பதாகக் கூறி, தேர்வை நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனம் ஐயம் எழுப்பியது. மீண்டும் எழுத ஒப்புக்கொண்ட 12 பேரும் மறுபடியும் தேறினார்கள். இது கற்பனையன்று, 1982இல் நடந்தது. தாங்கள் உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணைப் பிறர் நம்ப மறுக்கும்போது ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படங்கள் மிகக் குறைவு. எஸ்கலான்டேயாக வாழ்ந்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தக் காட்சிகளில் அவர் முகத்தில் கோபமும் அவமானமும் மாறிமாறித் தெரிவதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கணித ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் படத்தைக் காட்டிவிட்டு, 1979 முதல் 1981 வரையிலான எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பேசலாம் என்று தோன்றுகிறது. இன்னும் ஒரு கேள்வி: 1987க்குப் பிறகு அந்தப் பள்ளியில் இது நீடித்ததா? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அதே அளவில் நீடிக்கவில்லை, அம்மா. கிராடியாஸ் பள்ளியை விட்டுச் சென்றபின் நிர்வாகத்தின் ஆதரவு குறைந்தது. எஸ்கலான்டேயின் வகுப்புகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்ததை ஆசிரியர் சங்கம் எதிர்த்தது; சங்கத்தின் ஒப்பந்தப்படி உச்சவரம்பு 35 மாணவர்கள். சக ஆசிரியர்களுடனும் கசப்பு வளர்ந்தது. 1991இல் அவர் விலகி, சாக்ரமென்டோவில் வேறொரு பள்ளிக்குச் சென்றுவிட்டார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே கார்ஃபீல்டில் நுண்கணிதத் தேர்ச்சி எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. மாணவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே பிள்ளைகளின் திறமை குறைந்துவிடவில்லை, அவர்களை ஆயத்தப்படுத்திய ஏற்பாடுதான் கலைந்தது என்பதை அந்த வயதினர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

எண்களைத் தாங்களே எழுதிக் காட்டுவதைவிட, தேர்வெழுதியவர்கள், தேறியவர்கள் என்று இரண்டையும் கொடுத்து மாணவர்களையே வரைபடம் வரையச் சொல்லலாம்.

முதல் பட்டதாரி:

நடைமுறைக்காக ஒன்று. படம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும் என்பதால் இரண்டு பாடவேளைகள் தேவைப்படும். உரையாடலில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து வரும், ஆகவே முக்கியமான இடங்களில் நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். கடற்கரையில் தோண்டிய குழியைக் கொண்டு எதிர்ம எண்களை விளக்கும் பகுதி வரும்போது கட்டாயம் நிறுத்துங்கள். குழியில் எடுத்த மணலைத் திரும்பப் போட்டால் என்ன வரும் என்பதை, திரையில் பதில் வருவதற்கு முன்பு உங்கள் மாணவர்கள் சொல்லட்டும்.