ஐந்து பேர் குழுவுக்கு மைக்ரோசர்வீஸ் தேவைதானா?

குடந்தை நிரலர்:
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் ஐந்து பேர், சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்து வருகிறோம். ஒரே நிரலாக, ஒரே தரவுத்தளத்துடன் ஏழு ஆண்டுகள் ஓடிய அதனைக் கடந்த ஆடியில் ஒன்பது மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே ஓடி நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் சிறு நிரல்களாகப் பிரித்து, அத்தகைய நிரல்களைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஏற்றினோம். அதே மாதம், வேலையைக் குறுகிய தவணைகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைக்கும் மாறினோம். குறுவை அறுவடையில் ஆலைகளின் வரவு செலவு கூடியதும் சிக்கல் வெளிப்பட்டது. ஓர் ஆலையில் நாற்பது மூட்டைக்குப் பில் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. இருப்புக் கணக்கில் அந்த நாற்பது மூட்டை கழியவே இல்லை. பிழை எந்தச் சர்வீஸில் என்று கண்டறியவே இரண்டு நாள் ஆயிற்று. காலைக் கூட்டமும் முக்கால் மணி நேரம் நீள்கிறது. எங்கே தவறினோம்?

மன்னை வாசகர்:
ஐயா, முன்பு பில்லும் இருப்பும் ஒரே தரவுத்தளத்தில், ஒரே பரிவர்த்தனையாக இருந்தன. பதிவானால் இரண்டும் பதிவாகும், இல்லையேல் இரண்டுமே பதிவாகாது. இப்போது நடுவில் நெட்வொர்க் வந்துவிட்டது. பில் பதிவான பிறகு இருப்புச் சர்வீஸுக்கான அழைப்பு தவறினால், பில்லைத் திரும்பப் பெறும் வேலையை நீங்களே எழுதியிருக்க வேண்டும். 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ், ஏராளமான கணினிகளை நிர்வகித்த அதன் உள் அமைப்பான போர்கின் அனுபவத்தில் பிறந்தது. அந்தத் தேவை உங்களுக்கு இல்லை. பில்லையும் இருப்பையும் மீண்டும் ஒன்றாக்குங்கள். குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி தனியாகவே இருக்கட்டும்.

திருவாரூர் நண்பர்:
ஸ்க்ரம் பற்றி மட்டும் சொல்கிறேன். தினக்கூட்டத்துக்கு அது வகுத்த நேரம் 15 நிமிடம். அதைவிட முக்கியம், ஸ்பிரின்ட் எனப்படும் ஒவ்வொரு தவணையின் முடிவிலும் வேலை செய்த விதத்தையே திரும்பிப் பார்க்கும் கூட்டம், அதை நடத்துகிறீர்களா? எங்கள் வயலில் ஒற்றை நாற்று நடவு செய்த முதல் ஆண்டு நினைவுக்கு வருகிறது. 25 செ.மீ. இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடாமல், களையெடுக்கும் கோனோவீடரும் ஓட்டாமல் விட்டோம். இடைவெளி முழுவதும் களை மண்டியது. முறையைக் குறைசொல்லவே முடியாது, பாதியைத்தான் செய்திருந்தோம்.

தஞ்சை மூத்தவர்:
இரண்டு மாற்றங்களை ஒரே மாதத்தில், எல்லா ஆலைகளிலும் செய்ததே எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது. எதனால் எது கெட்டது என்று இனிப் பிரித்தறிய முடியாது. புதிய விதை நெல்லைக்கூட நம்மூரில் ஒரு மா நிலத்தில் போட்டுப் பார்த்த பிறகே வேலிக்கணக்கில் விதைப்பார்கள். பனைமரத்தில் முளைத்த ஆலங்கன்று எப்படி மரத்தைச் சுற்றி வேர்விட்டு மெல்ல இடம்பிடிக்கிறதோ, அப்படிப் பழைய நிரலைப் பகுதி பகுதியாக மாற்றலாம். 2004இல் மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர், ஆலைப் போலவே வேறொரு மரத்தைச் சுற்றி வளரும் அத்தி வகை மரத்தை வைத்தே அம்முறைக்குப் பெயரிட்டார். பழைய நிரல் இன்னும் இருக்கிறதா?

குடந்தை நிரலர்:
இருக்கிறது ஐயா, அழிக்கவில்லை. தை அறுவடைக்குள் பில்லையும் இருப்பையும் ஒன்றாக்கி, முதலில் ஓர் ஆலையில் மட்டும் ஒரு மாதம் ஓட்டப் போகிறோம். அன்றாடம் மாலையில் இருப்பேட்டுடன் ஒத்துப் பார்ப்பதற்கு ஆலைக் கணக்கரும் இசைந்திருக்கிறார்.