"சீரோநெகட்டிவ்"னா நோயே இல்லேன்னு அர்த்தமா? அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மேலூர் மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 52 வயசு, வீட்டுலயே பூ கட்டிக் குடுக்குறாங்க, அப்பா விடியக்காலம் மாட்டுத்தாவணி போயி மல்லி எடுத்துட்டு வருவாரு, அம்மா நார எடுத்து உக்காந்தாங்கன்னா கை போற வேகம் நம்ம கண்ணுக்கே தெரியாது. ஒரு ஏழு மாசமா காலைல எந்திரிச்சா வெரலு மடங்கவே மாட்டேங்குது, கை வசத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது, ரெண்டு கையிலயும் வெரல் முட்டியும் மணிக்கட்டும் வீங்கிக் கெடக்கு. முடிச்ச இறுக்க முடியல.

டவுன்ல ஒரு வாத நோய் டாக்டர்கிட்ட காட்டுனோம். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், ஆன்ட்டி சிசிபியும் நெகட்டிவ், ஒடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டுற ஈஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்ட் மட்டும் கூட இருந்துச்சு. ஸ்கேனும் பாத்தாங்க. சீட்டுல "சீரோநெகட்டிவ் ஆர்ஏ"ன்னு எழுதி (ஆர்ஏன்னா முடக்குவாதம்) மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் போடச் சொல்லிட்டாரு. கூட்டமா இருந்ததால நாங்களும் ஒண்ணும் கேக்காம வந்துட்டோம்.

எங்க அண்ணன் சீட்ட பாத்துட்டு, சீரோன்னா ஜீரோ, நெகட்டிவ்னா இல்லை, ஆக ஒண்ணுமே இல்லைன்னுதான எழுதிருக்காக, இதுக்கு எதுக்கு இம்புட்டு வீரியமான மாத்திரைன்டு கேட்டான். அம்மாவுக்கும் அது சந்தோசமா இருந்துச்சு போல, நாலு வாரம் போட்டதோட நிறுத்திட்டாங்க. நிறுத்தி மூணு வாரம் ஆச்சு, நேத்து கட்டைவெரலு மறுபடி வீங்கிருச்சு.

இன்னொண்ணும் கேக்கணும், இது மனசுல ரொம்ப நாளா கெடக்குறது. உசிலம்பட்டியில இருக்குற எங்க அத்தைக்கும் முடக்குவாதம்தான், அவங்க சீட்டுல "சீரோபாசிட்டிவ்"னு போட்டுருந்துச்சு. அத யாரோ வாசிச்சுட்டு எய்ட்ஸ்னு கெளப்பி விட்டுட்டாங்க. எதுத்த வீட்டுல தண்ணி குடுக்குற சொம்பக்கூட மாத்திட்டாங்க. அத்தை இப்ப யாரு வீட்டுக்கும் போறதில்ல.

இந்த சீரோங்குற வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? ஒரே நோய்க்கு ஒருத்தருக்கு பாசிட்டிவ், இன்னொருத்தருக்கு நெகட்டிவ்னு எப்படி வரும்?

சோழவந்தான் வாழைத்தோட்டம்:
தங்கச்சி, எனக்கு தெரிஞ்சு ஓ நெகட்டிவ்னு ரத்த வகை ஒண்ணு இருக்கு, அதத்தான் மாத்தி எழுதிட்டாங்களோ என்னவோ, எதுக்கும் ரத்த வகைய ஒருக்கா பாத்துருங்க.

கூடல்நகர் லேப்:
அண்ணே, ரத்த வகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் 14 வருசமா லேப்ல வேலை பாக்குறேன், தெனமும் கையில புடிக்கிற பொருளு இது, அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன் பொறுமையா படிங்க.

சீரோ வேற, ஜீரோ வேற. நம்ம வாயில ரெண்டும் ஒண்ணு மாதிரி வர்றதுனால வந்த வினை. "சீரோ"ங்குறது "சீரம்"ங்குற வார்த்தையோட முன்னொட்டு. அது தனியா நிக்காது, இன்னொரு வார்த்தைக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு, இது சீரம் சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் சொல்லும். அதுக்கு மேல அதுல ஒரு அர்த்தமும் இல்ல.

சீரம்னா என்ன? உங்க அம்மாகிட்ட ரத்தம் எடுத்தப்ப ரெண்டு மூணு ட்யூப்ல புடிச்சுருப்பாங்க. ஊதா மூடி போட்டதுல ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்கும், ரத்த அணு எண்ணுறதுக்கு அது. சிவப்பு மூடி, இல்லாட்டி மஞ்ச மூடி ட்யூப்ல புடிக்கிறத நாங்க அரை மணி நேரம் அப்பிடியே வச்சு ரத்தத்த உறைய விட்டுருவோம். அப்புறம் சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு வேகமா சுத்துனா செவப்பா உறைஞ்சது கீழ தங்கிரும், மேல இளமஞ்சளா தெளிவா ஒரு தண்ணி நிக்கும். அதுதான் சீரம். தமிழ்ல ஊநீர்னு எழுதுவாங்க, தெளியம்னும் சிலர் எழுதுறாங்க, எனக்கு தெளியம்தான் பிடிச்சுருக்கு, ஏன்னா கண்ணுல பாக்குறது அப்பிடித்தான் இருக்கும். பிளாஸ்மாவும் சீரமும் ஒண்ணான்னு கேப்பாங்க, இல்ல. பிளாஸ்மாவுல ரத்தத்த உறைய வைக்கிற ஃபைப்ரினோஜன் அப்பிடியே இருக்கும், சீரத்துல அது உறையும்போதே செலவாகிப் போயிருக்கும்.

லத்தீன்ல சீரம்னா பாலு திரிஞ்சா பிரியுற தெளிஞ்ச தண்ணி. ஒறையூத்துன தயிர கரண்டியில வெட்டி எடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க, குழியில மஞ்சளா ஒரு தண்ணி ஊறி நிக்கும்ல, அதே பேரத்தான் ரத்தத்துக்கும் வச்சுட்டாங்க.

நோயோ தடுப்பூசியோ எதுவா இருந்தாலும் ஒடம்பு உண்டாக்குற ஆன்டிபாடிங்குற எதிர்ப்புப் பொருள் எல்லாம் இந்த சீரத்துலதான் மெதக்கும். அத தேடிப் பாக்குற படிப்புக்கு சீராலஜின்னு பேரு. ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடிய தேடி, அது இருந்தா சீரோபாசிட்டிவ், இல்லாட்டி சீரோநெகட்டிவ். அதனால யாரு சொன்னாலும் "எதுக்கு பாசிட்டிவ், எதுக்கு நெகட்டிவ்"னு அடுத்த கேள்விய கேட்டே ஆகணும். அது தெரியாம அந்த வார்த்தைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

மேலூர் மல்லி:
அண்ணே இப்பத்தான் தெளிவா புரியுது, ரொம்ப நன்றி. அப்ப அம்மாவுக்கு தேடுன ஆன்டிபாடி இல்ல, ஆனா நோய் இருக்குன்னு அர்த்தமா? அது எப்படி?

திருமங்கலம் அக்கா:
நான் சொல்றேன்மா. எனக்கு 9 வருசமா சீரோநெகட்டிவ் முடக்குவாதம். எனக்கும் மொதல்ல இதே கொழப்பம்தான், எங்க வீட்டுல எல்லாரும் ரிப்போர்ட்ட பாத்து ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் போச்சு, அதுக்குள்ள என் வலது மணிக்கட்டு எலும்பு அரிச்சுருச்சு, இன்னிக்கும் அது முழுசா மடங்காது. அதனாலதான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

முடக்குவாதம் வந்தவங்கள்ல 100க்கு 70 லேந்து 80 பேருக்குத்தான் ஆர்ஏ ஃபேக்டர்ங்குற ஆன்டிபாடி சீரத்துல தெரியும். மிச்சப் பேருக்கு தெரியாது. அதுக்காக மூட்டுல நோய் இல்லேன்னு ஆயிராது, வீக்கம், காலைல புடிப்பு, சிஆர்பி, ஸ்கேன் எல்லாத்தையும் சேத்துப் பாத்துத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க. மறுபக்கமும் உண்டு, ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவா இருந்தும் நோயே இல்லாத மனுசங்களும் இருக்காங்க, வயசானவங்களுக்கும், காசநோய், கல்லீரல்ல சி வைரஸ் இருக்குறவங்களுக்கும் அது வரும். ஆன்ட்டி சிசிபிங்குற இன்னொரு ஆன்டிபாடி அத விட நம்பகமானது, அது பாசிட்டிவ்னா பெரும்பாலும் முடக்குவாதம்தான். வைத்தியம் ரெண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

மாத்திரைய நிறுத்துனது நோய் திரும்ப தலதூக்க எடம் குடுத்துருச்சுன்னு நெனைக்கிறேன். ஆனா நீங்களா மறுபடி ஆரம்பிக்காதீங்க, நாளைக்கே டாக்டருக்கு போன் போட்டு மூணு வாரம் விட்டுப்போச்சுன்னு மறைக்காம சொல்லுங்க. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தெனமும் போட்டா உயிருக்கே ஆபத்து. நான் காலண்டர்ல ஞாயித்துக்கிழமைய மட்டும் வட்டம் போட்டு வச்சுருக்கேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கூட எழுதிருப்பாங்க, அது எந்த நாளுன்னு கேட்டுக்கோங்க. ஈரலுக்கும் ரத்த அணுவுக்கும் அப்பப்ப டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, அத தட்டாதீங்க.

வில்லாபுரம் தம்பி:
அக்கா எனக்கு 24 வயசு, முதுகுத்தண்டு வாதம்னு சொல்லி "சீரோநெகட்டிவ் ஸ்பாண்டிலோ"ன்னு என்னமோ எழுதிருக்காங்க, எனக்கும் மல்லியோட அம்மாவுக்கு வந்த அதே நோயா?

திருமங்கலம் அக்கா:
இல்ல தம்பி, அது வேற குடும்பம். ஆர்ஏ ஃபேக்டர் இல்லாத வாதத்த எல்லாம் பிரிச்சு வச்சப்ப அந்தக் கூட்டத்துக்கு அந்த பேரு வந்துச்சு. எச்எல்ஏ பி27ன்னு ஒரு மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்லிருப்பாங்களே, அது இதுக்குத்தான். ராத்திரி வலி கூடி, நடமாடுனா கொறையும். உங்களுக்கு ஒடற்பயிற்சிதான் பாதி வைத்தியம், விட்றாதீங்க.

உசிலை ஆலோசகர்:
அத்தை விசயத்த யாரும் தொடல, அதனால நான் எழுதுறேன். நான் எச்ஐவி பரிசோதனை மையத்துல கவுன்சிலரா வேலை பாத்தவன்.

சீரோபாசிட்டிவ்ங்குற வார்த்தைக்கு இந்தக் கறை எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். 1986ல சென்னையில மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர் நிர்மலா செல்லப்பனும் அவங்க பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும்தான் இந்தியாவுலயே மொதல்ல எச்ஐவி தொற்ற கண்டுபுடிச்சாங்க, அதுவும் எடுத்துட்டு வந்த ரத்தத்துல சீரத்த பிரிச்சுப் பாத்துத்தான். அதுக்கப்புறம் அந்த வைரசுக்கு ஆன்டிபாடி இருக்குறவங்கள குறிக்க சீரோபாசிட்டிவ்னு எழுத ஆரம்பிச்சு, அது மக்கள் வாயில எய்ட்ஸுக்கு இன்னொரு பேரு மாதிரி ஆயிருச்சு. வார்த்தை பொதுவானது. அத்தைக்கு அது ஆர்ஏ ஃபேக்டருக்கு பாசிட்டிவ், அவ்வளவுதான்.

சீரோகன்வெர்சன்னு ஒண்ணு கேள்விப்பட்டுருப்பீங்க. கிருமி உள்ள போன அன்னிக்கே ஆன்டிபாடி வந்துராது, சில வாரம் ஆகும், நெகட்டிவா இருந்த சீரம் பாசிட்டிவா மாறுற அந்த நேரத்துக்குத்தான் அந்தப் பேரு. அதனாலதான் ஒரு தடவ நெகட்டிவ் வந்தவங்களயும் கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப வரச் சொல்லுவோம்.

இன்னொண்ணும் சொல்லாம போக முடியல. அத்தைக்கு எச்ஐவியே இருந்துருந்தாலும் சொம்புல பரவாது, தொட்டா பரவாது, ஒண்ணா உக்காந்து சாப்புட்டா பரவாது. "அவங்களுக்கு அது இல்ல"ன்னு சொல்றதோட நிறுத்திக்காதீங்க, இதையும் சேத்துச் சொல்லுங்க. உண்மையிலயே அந்தத் தொற்றோட பக்கத்துத் தெருவுல யாராவது இருப்பாங்க, அவங்க காதுலயும் நீங்க பேசுறது விழும்.

சோழவந்தான் வாழைத்தோட்டம்:
நான் தப்பா சொன்னதுக்கு மன்னிச்சுருங்க, நல்லா வெளங்குச்சு. ஒரு கேள்வி, போன வருசம் எங்க தோட்டத்துல வேலை பாத்த பெரியவர கண்ணாடி விரியன் கடிச்சுருச்சு, பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், நல்லபடியா பொழைச்சுக்கிட்டாரு, அங்க பாம்புக்கடி சீரம் போட்டாச்சான்னு பேசிக்கிட்டாக. அந்த சீரமும் இதுதானா?

நத்தம் ரோடு டீச்சர்:
அதேதான் ஐயா, நல்ல கேள்வி. பெரியவர கட்டு வைத்தியத்துக்கு கொண்டு போகாம நேரா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனீங்களே, அதுக்கே உங்கள பாராட்டணும். குதிரைக்கு பாம்பு விசத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அது ஒடம்புல உண்டாகுற ஆன்டிபாடிய அதோட ரத்தத்துலேந்து எடுத்து சுத்தம் பண்ணி மருந்தாக்குறாங்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலு விசத்துக்கும் சேத்து ஒரே மருந்து. இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க 1978லேந்து சென்னை பக்கம் வடநெம்மேலியில பாம்பு புடிச்சு விசம் எடுத்துக் குடுக்குறாங்க, அவங்க கை வேலைதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். இந்த வழியே 1890ல பேரிங்கும் கிடாசாடோவும் டிஃப்தீரியா, டெட்டனசுக்கு கண்டுபுடிச்சது, அதுல டிஃப்தீரியா சீரத்துக்காக 1901ல பேரிங்குக்கு மருத்துவத்துக்கான முதல் நோபல் கெடச்சுச்சு. கொரோனா ஊசி போட்டோமே, புனே சீரம் கம்பெனி, 1966ல ஆரம்பிச்ச அதோட பேரும் இங்கேந்துதான், அவங்க குதிரைப் பண்ணை வச்சுருந்தவங்க.

பிள்ளைங்களுக்கு நான் சொல்ற இன்னும் ரெண்டு. டெங்கு வைரஸ்ல 4 சீரோடைப் இருக்கு. ஒண்ணு வந்து போனா மத்த மூணும் வரலாம், ரெண்டாவது தடவ வேற சீரோடைப் வந்தா சிக்கலாகுற வாய்ப்பு கூட, அதனால "ஏற்கனவே வந்துருச்சு, இனி வராது"ன்னு தொட்டித் தண்ணிய மூடாம விடாதீங்க. செரோடோனின் பேரும் இதுலேந்துதான், 1948ல ரத்தக்குழாய இறுக்குற பொருள் ஒண்ண சீரத்துலேந்து பிரிச்சு எடுத்தப்ப வச்ச பேரு. கொரோனா நேரத்துல சீரோ சர்வேன்னு வீடு வீடா ரத்தம் எடுத்தாங்களே, 2021 ஜூன் ஜூலையில நாடு முழுக்க எடுத்ததுல 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்துச்சு. ஆனா மூஞ்சில தடவுற சீரம் இருக்கே, அது வெறும் வியாபாரப் பேரு, ரத்தத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல.

மேலூர் மல்லி:
எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புடுறேன். நேத்து டாக்டருக்கு போன் பண்ணி உண்மைய சொல்லிட்டேன். திட்டல, ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொன்னாரு, இன்னிக்கு பாத்துட்டு வந்துட்டோம், வர்ற ஞாயித்துக்கிழமைலேந்து மறுபடி போடச் சொல்லிட்டாரு. லேப்ல அந்த மஞ்ச மூடி ட்யூப காட்டச் சொல்லி அண்ணனுக்கும் காட்டுனேன், மேல நின்ன தண்ணிய பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவனே காலண்டர எடுத்து வட்டம் போட்டான்.

இன்னொரு சந்தேகம், அம்மா ரிப்போர்ட்ல "எஸ். கிரியாட்டினின்"னு இருக்கு, அந்த எஸ் என்ன?

கூடல்நகர் லேப்:
சீரம்தான் தங்கச்சி. சீரத்துல எடுத்த கிரியாட்டினின், கிட்னிக்கு பாக்குறது. அம்மா போடுற மாத்திரை கிட்னி வழியாத்தான் வெளிய போகும், அதனால அதையும் ஒவ்வொரு தடவையும் பாக்கச் சொல்லுங்க.

மேலூர் மல்லி:
சரிண்ணே. நாளைக்கு உசிலம்பட்டி போறோம். அம்மாதான் சொன்னாங்க, அத்தை வீட்டுல ஒக்காந்து அவங்க சொம்புலயே தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, அதுக்கப்புறம் எதுத்த வீட்டுக்கு போயி ரிப்போர்ட்ட காட்டி வெவரம் சொல்லலாம்னு.